தலைவரின் நீல விளக்கு

பவளத் துண்டை ஒப்படைக்கும்போது தலைவர் ஆற்றிய உரை இருபத்தைந்து நிமிடம் நீண்டது. துண்டின் நீளம் கட்டைவிரலில் பாதி. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் தகப்பன்கூட அத்தனை நேரம் தொண்டையைக் கனைத்திருக்க மாட்டான்.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பிப் பவளம் வளர்ப்பவர்களின் சங்கம் அது. உறுப்பினர்கள் இருபத்திரண்டு பேர். தலைவருக்குத் தொழில் குளியலறை டைல்ஸ் வியாபாரம். சங்கத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் ‘ஆழ்கடல்’ என்று பெயர். நிஜக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கினால் அவருக்குக் கண்ணைக் கட்டிவிடும். ஆனால் பேச ஆரம்பித்தால், கடலுக்கு அடித்தளம் போட்டு டைல்ஸ் ஒட்டிக் கொடுத்ததே தாம்தான் என்கிற தோரணை.

அவர் வளர்க்கும் பவளங்களில் ஒன்றுக்கு ‘மகாராணி’ என்று அவரே பட்டம் சூட்டியிருந்தார். வருடத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு சிறு கிளையை வெட்டி, வரிசையில் காத்திருக்கும் உறுப்பினருக்குக் கொடுப்பார். நிபந்தனை உண்டு. ஆறு மாதம் கழித்துத் தலைவர் நேரில் வருவார். சங்கத்தின் சோதனை விளக்கை அடித்துப் பார்ப்பார். நிறம் குறைந்திருந்தால் துண்டு அப்போதே வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

மூன்று வருடம் காத்திருந்து இந்த முறை அதை வாங்கியவரைச் சங்கத்தில் பல்லுக்காரர் என்பார்கள். அவர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் மாடியறையில் உட்கார்ந்து, பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, சின்ன உலையில் சுட்டுப் பல் செய்வார். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரின் சிரிப்பு அவர் கையால் ஆனது. சிரிக்கிறவர்கள் யாருக்கும் அவர் முகம் தெரியாது.

நாள் முழுக்க வெள்ளையோடு புழங்குகிற மனிதர். பால் வெள்ளை, எலும்பு வெள்ளை, காபி குடிக்கிற வெள்ளை, புகை பிடித்து நிறுத்திவிட்டதாக மனைவியிடம் சொல்லும் வெள்ளை. மாலையில் கீழே இறங்கி வந்தால் கண்ணுக்கு வேறு ஏதாவது நிறம் வேண்டும். அதற்குத்தான் கூடத்தில் ஜன்னலோரமாக அந்தத் தொட்டி. அதில் இல்லாத ஒரே நிறம் நல்ல ரோஜா. மகாராணியின் இனம் பகலில் அந்த நிறம் என்று எங்கோ படித்திருந்தார். அந்தக் கட்டைவிரல் பாதியை அவர் மூன்று வருடமாக மனதுக்குள் ஒரு பாறையின் உச்சியில் நட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்த முதல் மாதமே மகாராணி பழுப்பாகிவிட்டாள்.

தப்பு அவருடையதுதான். புது இடம், பயந்துவிடும் என்று தொட்டியின் அடியில், நிழலில் வைத்தார். பவளத்தின் சதைக்குள் பழுப்பு நிறப் பாசி ஒன்று குடியிருக்கிறது. வெளிச்சத்தை வாங்கிச் சமைத்துப் போடுவது அதுதான். வெளிச்சம் குறைந்தால், இருக்கிறதைப் பிடித்துக்கொள்ள இன்னும் பத்துக் குடித்தனத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும். வீடு முழுக்கக் குடித்தனம். வெளியே இருந்து பார்த்தால் ஒரே பழுப்பு.

அவருடைய மனைவி துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கும் பிரிவில் இருந்தார். தினமும் எட்டு மணி நேரம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கத்துகிறவர்களிடம் கத்தாமல் பேசுவது வேலை. அந்தக் குரல் வீட்டிலும் உயராது; அதுதான் அதிலுள்ள ஆபத்து. மகாராணியைக் குனிந்து பார்த்துவிட்டு, டீ வடிகட்டியைக் கழுவாமல் தண்ணீரில் போட்டுவிட்டீர்களா என்று விசாரித்தார்.

பல்லுக்காரர் தலைவருக்குப் போன் செய்தார். பதில் உடனே வந்தது, உரையாக. விளக்கில் நீலத்தை முழுக்க ஏற்ற வேண்டும். வெள்ளையைக் கண்ணிலேயே காட்டக் கூடாது. ஆழ்கடலில் நீலம் மட்டும்தான் இறங்குகிறது. தம் வீட்டுக் கூடத்தில் ஏழு வருடமாகத் திரைச்சீலையையே விலக்கியதில்லை. இதைச் சொல்லி முடித்ததும் அந்த நீலத்தில் தாம் எடுத்த மகாராணியின் புகைப்படங்கள் பதினாறு அனுப்பினார். ஒவ்வொன்றிலும் அவள் பச்சையாக, திருவிழாப் பல்பு மாதிரி ஒளிர்ந்தாள்.

பல்லுக்காரர் நீலத்தை ஏற்றிப் பார்த்தார். உண்மைதான், எல்லாம் ஒளிர்ந்தது. பழுப்புத் துண்டுகூடக் கொஞ்சம் பச்சையாகப் பளபளத்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார்கள். ஆனால் அவருடைய தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பல்லின் நிறத்தைக் காலை பத்து மணிக்கு, ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். டியூப் லைட்டுக்குக் கீழே பொருத்தம் பார்த்த பல், தெருவில் இறங்கியதும் அடுத்த வீட்டுக்காரர் பல் மாதிரி தெரியும். இருபத்தாறு வருடப் பழக்கம். பவளம் என்பதற்காக மாற்றிக்கொள்ள முடியவில்லை.

அதனால் தினமும் காலை பத்து மணிக்கு விளக்கை அணைப்பார், திரையை விலக்குவார், பல் நிறம் பார்க்கிற மாதிரிக் கட்டையை எடுத்துத் தொட்டிக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிப்பார். வெள்ளையில் ஆரம்பித்துப் பழுப்பு வரைக்கும் பதினாறு பீங்கான் பல் வரிசையாகக் குத்தியிருக்கும் கட்டை அது. மகாராணி கடைசிப் பல்லையும் தாண்டிப் போயிருந்தாள். வெற்றிலைக்கும் பீடிக்கும் சேர்த்து நாற்பது வருடம் கொடுத்தால்தான் ஒரு வாய் அந்த நிறத்துக்கு வரும்.

மறுநாளிலிருந்து அந்தக் கட்டையை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். ஈறு செய்வதற்கும் பீங்கான் உண்டு. அதற்கும் நிற மாதிரிகள் உண்டு. வெளிறிய ரோஜாவிலிருந்து அடர் ரோஜா வரை ஆறு. நாலாவதைத் தனியே பிடுங்கி, தொட்டிக் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினார். மகாராணி எட்ட வேண்டிய இடம் அது.

“யாரோட ஈறுங்க அது?” என்றார் மனைவி.

“யாரோடதும் இல்ல. மாதிரி.”

“கூடத்துல உக்காந்து சாப்பிடுறோம். அதையும் கொஞ்சம் யோசிங்க.”

வெளிச்சத்தை ஒரேயடியாக ஏற்ற அவருக்கு ஆசைதான். ஆனால் உலையோடு பழகியவர். குளிர்ந்த பீங்கானை நேரே நெருப்பில் வைத்தால் வெடிக்கும். நிமிடத்துக்கு இத்தனை டிகிரி என்று ஏற்ற வேண்டும். பவளமும் அப்படித்தான் இருக்கும் என்று தாமாக ஒரு முடிவுக்கு வந்தார். நல்ல வேளையாக அது சரியாக இருந்தது. திடீரென்று வெளிச்சம் அடித்தால் பவளம் பாசியையெல்லாம் வெளியே துப்பிவிட்டு வெளுத்துப்போகும். வெளுத்தது பெரும்பாலும் திரும்பாது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், சுள்ளென்று படுகிற வெளிச்சத்துக்குக் குடை பிடிக்கிற மாதிரி தன் சதையிலேயே நிறத்தை ஊறவைத்துக்கொள்ளும்.

வாரத்துக்கு ஒரு புள்ளி ஏற்றினார். அதுவும் நீலத்தை அரைவாசியில் நிறுத்திவிட்டு, தலைவர் கண்ணில் காட்டாதே என்ற வெள்ளையை. இரண்டாவது மாதம் துண்டை ஒரு படி மேலே வைத்தார். மூன்றாவது மாதம் இன்னொரு படி. நாலாவது மாதம் பாறையின் உச்சி. ஒரு காலையில் நுனிகளில் லேசாக ஏதோ தெரிந்தது. மனைவியைக் கூப்பிட்டார். அவர் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்த வீட்டில் அது பெரிய பாராட்டு. ஐந்தரை மாதத்தில் மகாராணி நாலாவது ஈறை எட்டிப்பிடித்து ஐந்தாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகல் வெளிச்சத்தில் தூய ரோஜா. பழுப்பு வடிந்து அடிக்குப் போயிருந்தது. பல்லுக்காரர் மாடியேறும்போது விசில் அடித்தார். அன்று செய்த மூன்று பற்களும் டாக்டரிடமிருந்து திரும்பி வரவில்லை.

இத்தனை மாதத்தில் அவர் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று. அந்த முதல் தடவைக்குப் பிறகு வெறும் நீலத்தில் அவளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நீலத்தில் நிறம் பார்ப்பதாவது என்ற எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தலைவர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, நெஞ்சில் சங்கத்தின் பித்தளைச் சின்னம். பின்னால் செயலாளர். கப்பல் சரக்கு அலுவலகத்தில் எழுத்தர். தலைவர் தும்மினால்கூடக் குறிப்பேட்டில் ஏற்றிவிடும் பழக்கம் உள்ளவர். இடது கையில் குறிப்பேடு. வலது கையில் மூடி போட்ட வாளி. அதில் பாதி உப்புத் தண்ணீர். அதற்குள் பேட்டரி காற்றுக் குழாய் ஒன்று ஏற்கெனவே குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. வரிசையில் அடுத்தவர் அவர்தான். உட்காரச் சொன்னபோதும் வாளியைக் கீழே வைக்கவில்லை.

மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, வாளியைப் பார்த்து, அண்ணன் ஏதாவது வாங்கிக்கொண்டு வந்தீர்களா என்று கேட்டார். செயலாளர் இல்லை என்றார். அப்படியானால் வாங்கிக்கொண்டு போகத்தான் என்று மனைவி தாமே முடித்துக்கொண்டார்.

தலைவர் திரையை மூடச் சொன்னார், தொட்டி விளக்கை அணைக்கச் சொன்னார். வெல்வெட் வைத்த பெட்டியைத் திறந்து சோதனை விளக்கை வெளியே எடுத்தார். நீலமும் ஊதாவுமாகப் பல்புகள். பிடிக்கச் சின்னக் கைப்பிடி. அதைத் தொட்டிமேல் பொருத்துவதற்குள், வெளிச்சம் எத்தனை மீட்டர் ஆழத்தில் எப்படி உடைகிறது என்பதை விளக்கினார். சிவப்பு முதலில் சாகும், பிறகு மஞ்சள், பிறகு பச்சை. நீலம் மட்டும் சாகாது. அதைச் சொல்லும்போது, நீலம் தம் சொந்தக்காரன் என்கிற பெருமை முகத்தில் தெரிந்தது. பிறகு பொத்தானை அழுத்தினார்.

கூடமே நீலமானது. தொட்டியில் இருந்த மற்ற பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாகப் பற்றிக்கொண்டன. தலைவரின் சட்டை சலவைத்தூள் விளம்பரம் மாதிரி மின்னியது. செயலாளர் தோளில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசி ஒவ்வொன்றும் தனித்தனி நட்சத்திரம்.

பாறையின் உச்சியில் மகாராணி கரிக்கட்டையாக நின்றாள்.

பல்லுக்காரர் தொட்டியருகே குனிந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். கறுப்பு. அடுத்த நொடியே விஷயமும் புரிந்துவிட்டது. நிறத்தோடு இருபத்தாறு வருடம் கழித்த மண்டைக்கு ஒரு நொடி போதும். பவளத்தில் நிறம் இரண்டு சாதி. ஒன்று, நீலத்தை வாங்கிக்கொண்டு தானாக ஒளிர்வது. இன்னொன்று வெறும் நிறம். ரோஜாப் பூ மாதிரி. வெள்ளை வெளிச்சம் பட்டால் ரோஜா, நீலத்தில் வைத்தால் இருட்டு. தலைவர் வீட்டில் வளர்ந்தது முதல் சாதி. தாம் ஐந்தரை மாதம் பகலில் பார்த்துப் பார்த்து ஊட்டி வளர்த்தது இரண்டாம் சாதி.

இதை அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் தலைவர் ஆரம்பித்துவிட்டார். வருத்தம் தோய்ந்த குரல். நிறம் முற்றிலும் போய்விட்டது, திசுவே கறுத்துவிட்டது, தம் எச்சரிக்கையை மீறி வெள்ளை வெளிச்சத்தைக் காட்டியதன் விளைவு. விளக்கு பொய் சொல்லாது என்றார். செயலாளர் வாளியைக் காலடியில் வைத்துவிட்டு அதை எழுதிக்கொண்டார். எழுதும்போதே வாளியின் மூடி எப்படியோ திறந்துகொண்டது.

பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்கும்படி பல்லுக்காரர் கேட்டுக்கொண்டார். சங்க விதியில் பகல் இல்லை என்றார் தலைவர். சொல்லிவிட்டு, ஆறுதலாக அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

அந்தப் புன்னகையில் மேல்வரிசையின் நடுப்பல் இரண்டும் இல்லை. சுற்றிலும் மற்ற பற்கள் நீலவெள்ளையாக ஒளிர, நடுவில் இரண்டு கறுப்புச் சதுரம், கதவு கழற்றிய வாசல் மாதிரி.

பல்லுக்காரருக்கு அந்த இடம் அடையாளம் தெரிந்தது. அந்த இரண்டும் அவர் செய்தவை. பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு டாக்டர் மூலமாக, யார் எவர் என்று தெரியாமல் அச்சை மட்டும் பார்த்துச் செய்தது. சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே, பக்கத்துப் பல் திரும்பியிருந்த கோணத்தை வைத்து, யாருடைய வாய் என்று கண்டுபிடித்துவிட்டார். நிஜப்பல் ஊதா வெளிச்சத்தில் ஒளிரும். அந்தக் காலத்தில் அவர் பட்டறையில் இருந்த பீங்கான் பொடி ஒளிராது.

ஒரு வாக்கியம் சொன்னால் போதும். விளக்கு பொய் சொல்லும், உங்கள் வாயிலேயே சொல்லிக்கொண்டிருக்கிறது என்று. மகாராணி மிஞ்சுவாள். ஆனால் யார் வாயில் எது கட்டியது என்று பல் செய்கிறவன் வெளியே சொல்லக் கூடாது. எழுதி வைத்த விதி இல்லை. எழுதாமலே காப்பாற்றி வந்தது. செயலாளர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டிருந்தார். தொட்டிக்குள் கைவிட இன்னும் இரண்டு மடிப்புதான் பாக்கி. பல்லுக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு, பாறையின் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே, ஒரு தகவலுக்காகக் கேக்குறேன்,” என்றார் மனைவி. புகார் பிரிவில் நாளைக்கு அறுபது முறை சொல்லும் அதே குரல். “உங்களுக்கு முன்பல்லு ரெண்டும் எப்ப விழுந்துச்சு?”

தலைவர் புரியாமல் பார்த்தார். செயலாளர் திரும்பிப் பார்த்தார். குறிப்பேடு கையிலிருந்து நழுவி வாளிக்குள் விழப் பார்த்தது.

“வாசல்ல வரும்போது இருந்த மாதிரி ஞாபகம்,” என்றார் மனைவி, அக்கறையோடு. “அதான் கேட்டேன். இங்க எங்கயாவது விழுந்திருந்தா தேடிப் பாத்துடலாம்.”

தலைவரின் கை வாய்க்குப் போனது. நாக்கு தடவிப் பார்த்துக்கொண்டிருப்பது கன்னத்தின் அசைவில் தெரிந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் விடுவிடுவென்று வாசல் நடைக்குப் போனார். அங்கே கண்ணாடி இருந்தது, கண்ணாடிக்கு எதிரே ஜன்னலும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது முகத்தில் உயிர் வந்திருந்தது.

“எல்லாம் இருக்கு,” என்றார். “ஒண்ணும் விழல. விளக்குதான் அப்படிக் காட்டுது.”

செயலாளரின் பேனா தலைவர் வாக்கு எதையும் விட்டுவைத்ததில்லை. இதையும் எழுதிவிட்டது. எழுதி முடித்த பிறகுதான் அவர் தாம் எழுதியதைப் படித்தார். மேலே இரண்டு வரி தள்ளி, ‘விளக்கு பொய் சொல்லாது’ என்று இருந்தது.

செயலாளர் அந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

“அப்படிங்களா,” என்றார் மனைவி. “அப்ப அந்தப் பவளமும் ஒரு தடவ கண்ணாடி வரைக்கும் போய்ட்டு வந்தா நல்லாருக்கும்ல?”

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே போய்த் திரையை இழுத்தார். பதினொன்றரை மணி வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சாய்வாக வந்து தொட்டியில் விழுந்தது. பல்லுக்காரர் சோதனை விளக்கை எட்டி அணைத்தார்.

மற்ற பவளங்கள் எல்லாம் வேஷம் கலைத்த நடிகர்கள் மாதிரி மங்கலாக நின்றன. பாறையின் உச்சியில் ரோஜா நிறத்தில், ஒவ்வொரு நுனியும் தனித்தனியாக, மகாராணி நின்றாள்.

தலைவர் குனிந்தார். மூக்கு கண்ணாடியில் முட்டியது. சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து முதல்முறையாக அவர் ஒரு முழு நிமிடம் பேசவில்லை. “என்கிட்ட இருக்கறவ இந்தக் கலர்ல இல்லையே,” என்று கடைசியில் சொன்னது யாருக்காகவும் சொன்னதாகத் தெரியவில்லை. டைல்ஸ் கடைக்காரர் காணாமல்போய், நல்ல நிறத்தைக் கண்டால் வாயைப் பிளக்கிற ஒரு மனிதர் சற்று நேரம் அங்கே நின்றார். பல்லுக்காரருக்கு அவரை அப்போது கொஞ்சம் பிடித்துக்கூடப் போயிற்று.

நிமிர்ந்தபோது தலைவர் மறுபடி தலைவராகிவிட்டார். இரண்டு வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும் என்பது தம்முடைய நீண்ட நாள் கருத்து என்றார். அதைச் சோதித்துக் காட்டவே இன்று வந்ததாகச் சொன்னார். இனிமேல் சங்க விதியில் பகல் சேர்க்கப்படும்; முன்மொழிவது தலைவர். செயலாளர் எழுதினார். துண்டு இங்கேயே இருக்கும். மேலும், அது இன்னும் ஒரு விரல் வளர்ந்தால் தலைவருக்கு ஒரு கிளை தரப்பட வேண்டும். செயலாளர் பேனாவை நிறுத்தி, வரிசையில் தம்முடைய இடம் என்ன ஆவது என்று ஏழு வருடத்தில் முதல்முறையாகத் தலைவரிடமே கேட்டார். அவருக்குத்தான் முதல் கிளை என்று பல்லுக்காரர் உடனே சொன்னார். தலைவர் ஏதோ சொல்ல வந்து, மனைவி தம் வாயையே கவனிப்பதைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

விடைபெறும்போது தலைவர் வாசலில் கொஞ்சம் பின்தங்கினார். பல்லுக்காரரின் தோளில் கைபோட்டு, எந்த வெளிச்சத்திலும் பல் பல்லாகத் தெரிகிற மாதிரி இப்போது ஏதாவது வந்திருக்கிறதா என்று, ஒரு நண்பருக்காக விசாரித்தார். வந்திருக்கிறது, அந்த நண்பரைத் தம் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள் என்றார் பல்லுக்காரர். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை.

அவர்கள் போன பிறகு அவர் தொட்டிக் கண்ணாடியில் இருந்த மூக்குத் தடத்தைத் துணியால் துடைத்தார். மனைவி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, அவர் பல்லு மட்டும் ஏன் அப்படித் தெரிந்தது என்று கேட்டார். எனக்கெப்படித் தெரியும் என்றார் இவர். யாரோ கட்டிவிட்ட பல்லாக இருக்குமோ என்றார் மனைவி. இருக்கலாம் என்றார் இவர், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டு. ரகசியத்தைக் காப்பாற்றியாயிற்று, மகாராணியையும் காப்பாற்றியாயிற்று. அவருக்கு மார்பு லேசாக விரிந்திருந்தது.

“யார் செஞ்சதோ,” என்றார் மனைவி, சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டே. “இன்னும் கொஞ்சம் நல்லா செஞ்சிருக்கலாம்.”

“பதினோரு வருஷமாச்சு, ஒரு கீறல் விழல,” என்றார் பல்லுக்காரர். “பகல்ல பாரு நீ. பக்கத்துப் பல்லு எது, என் பல்லு எதுன்னு உன்னால சொல்ல முடியுமா?”

மனைவி டம்ளர்களோடு நின்று, திரும்பி, அவரைப் பார்த்தார். புகாரைப் பதிவு செய்துகொண்டதற்கு அடையாளமாக ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.